ஒஸ்லோவில் நாலு நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

பதினோரு இடங்களை எழுதி, நாலு நாளில் எந்த வரிசையில் பார்க்கலாம், ஒஸ்லோ பாஸ் (அருங்காட்சியக நுழைவும் நகரப் போக்குவரத்தும் சேர்ந்த அட்டை) வாங்கினால் லாபமா, இயற்கையைப் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூன் கடைசி வாரம் வருகிறீர்கள். கூட வருவது கணவர், ஒன்பது வயது மகள், எழுபதைத் தொடும் மாமியார். கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வரிசையைக் கேட்பது போல இருந்தாலும் உங்கள் கவலை வேறு என்றே படுகிறது. இவ்வளவு செலவழித்து வந்து, ஒரு பிள்ளையையும் ஒரு வயதானவரையும் இழுத்துக்கொண்டு அலையாமல், எதையெதை விட்டாலும் பிறகு மனம் குத்தாது? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதில் இருபத்திரண்டு வருடம் ஒஸ்லோவில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை. இந்த ஊரில் பாலர் பாடசாலை என்றால் வாரத்துக்கு ஒரு நாளாவது பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வெளியே போகவேண்டும். காடு, குளம், தீவு, அருங்காட்சியகம், எதுவும் சரி. மழை, பனி என்று சாட்டுச் சொல்லமுடியாது. அதைத் 'தூர்' என்பார்கள். கடைத்தெரு வரை உலாத்துவதும் தூர், மூன்று நாள் மலை ஏறுவதும் தூர். ஆகவே எந்த இடத்தில் எத்தனையாவது நிமிடத்தில் பிள்ளை சிணுங்கத் தொடங்கும், கழிப்பறை எந்தப் பக்கம், கொண்டுபோன பாணை எங்கே இருந்து சாப்பிடலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓவியத்தை விமர்சிக்கும் படிப்பு என்னிடம் இல்லை. ஹொட்டல்களைப் பற்றியும் கேட்காதீர்கள். சொந்த வீடு இருக்கிற ஊரில் யார் ஹொட்டலில் தங்குகிறார்கள்?

ஒஸ்லோ அப்படி ஒன்றும் பெரிய நகரம் இல்லை. ஏழு லட்சம் சொச்சம் பேர். ஆனால் நகரசபை எல்லை 454 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காடும் ஏரியும். 'மார்க்கா' என்று சொல்லும் அந்தக் காட்டுக்குள் வீடுகள் ஊர்ந்து போகாமல் இருக்க 2009இல் தனிச் சட்டமே போட்டார்கள். நிலக்கீழ் ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் மேடையைத் தாண்டியதும் மரங்கள். அதனால் 'இயற்கை' என்று பட்டியலில் பதினோராவதாக எழுதி அதற்கு ஒரு நாள் ஒதுக்கத் தேவையில்லை. அது ஒவ்வொரு நாளும் பின்னேரம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் வரும் வாரத்தில் காலை நாலு மணிக்கு முன்னரே விடிந்துவிடும், சூரியன் மறைய இரவு பத்தே முக்கால் ஆகும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மாலை ஐந்து, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகும் நாலைந்து மணி நேர வெளிச்சம் மிச்சம். பகலில் ஒரு அருங்காட்சியகம், மிஞ்சிப்போனால் இரண்டு; பின்னேரம் முழுவதும் வெளியே. இதுதான் நான் சொல்ல வந்தது. கீழே எழுதுவதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் பட்டியலில் வெட்ட வேண்டியதை வெட்டுவோம். வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. பெரிதாகக் கட்டி 2027இல் புதுப் பெயரோடு திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். கட்டட வேலையில் திகதி தள்ளிப்போவது எந்த நாட்டிலும் நடப்பதுதான், ஆகவே புறப்படும் வாரம் ஒருமுறை அவர்களுடைய இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் வைக்கிங் பைத்தியம் என்று எழுதியிருந்தீர்கள். நகர நடுவில் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே யெர்முண்ட்பூ என்ற இடத்துப் பண்ணையில் 1943இல் கிடைத்த வைக்கிங் தலைக்கவசத்தைக் காட்டுங்கள். அதில் கொம்பு கிடையாது. கொம்பெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடை அலங்காரக்காரர் மாட்டிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள், ஒருத்தி அழுதே விட்டாள்.

அடுத்தது 'ஒருநாள் பியோர்ட் பயணம்'. பியோர்ட் என்றால் நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல். இருபக்கமும் செங்குத்தாக மலை நிற்க நடுவில் கப்பல் போகும் படங்கள் உங்கள் மனதில் இருக்கும். அவை மேற்குக் கரையில், கெய்ராங்கர், நேரோய் பியோர்ட் பக்கம் எடுத்தவை. ஒஸ்லோவின் பியோர்ட் தாழ்ந்த குன்றுகளும் சின்னச் சின்னத் தீவுகளும் உள்ள சாதுவான தண்ணீர். மேற்கே போக பேர்கன் ரயில் ஏறவேண்டும். ஒரு வழிக்கே ஏழு மணி நேரத்தை ஒட்டி ஆகும். வழியில் 1222 மீட்டர் உயரத்தில் பின்சே என்ற தரிப்பைத் தாண்டும்போது ஜூனிலும் பனி கிடக்கும். அருமையான பயணம். ஆனால் காலையில் போய் இரவு திரும்புகிற வேலை இல்லை, அதுவும் உங்கள் மாமியாரோடு. இன்னும் இரண்டு நாள் கூட்டி, பேர்கனில் தங்க முடியுமானால் போங்கள். இல்லாவிட்டால் இந்த முறை விட்டுவிடுங்கள். நள்ளிரவுச் சூரியனும் ஒஸ்லோவில் இல்லை. அதற்கு ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வடக்கே போகவேண்டும். இங்கே ஜூன் இரவு ஒருவித நீல மங்கலாக இருக்கும், முழு இருட்டு வராது. அறையில் கனமான திரைச்சீலை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை நித்திரை கொள்ளாது.

வெட்டியாகிவிட்டது. ஒரு முழு நாள் கொடுக்கத் தகுந்த இடம் பிக்டொய் தீபகற்பம். ஃப்ராம், கொன்-டிக்கி என்ற இரண்டு கடற்பயண அருங்காட்சியகங்களும் பக்கத்தில் பக்கத்தில். திறந்தவெளி நாட்டார் அருங்காட்சியகம் அங்கிருந்து பதினைந்து, இருபது நிமிட நடை. மாமியார் நடக்கமாட்டார் என்றால் 30ஆம் இலக்க பஸ் இருக்கிறது. கோடையில் நகரமண்டபத்துக்கு முன்னால் இருந்து படகும் போகும். அது தனிப் படகு, நகரப் போக்குவரத்து டிக்கெட் அதில் செல்லாது. இதைத் தெரியாமல் ஏறி முழிப்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் நான் ஃப்ராமைச் சொல்வேன். கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கப்பல் இல்லை, உள்ளே ஏறி இறங்கலாம். 1892இல் கட்டிய மரக்கப்பல். 39 மீட்டர் நீளத்துக்கு 11 மீட்டர் அகலம், குண்டான உடம்பு. காரணம் இருக்கிறது. வடதுருவக் கடலில் பனி இறுகும்போது சாதாரணக் கப்பலின் விலாவை நொறுக்கிவிடும். நான்சன் என்ற ஆய்வாளர் கேட்டபடி, கொலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர் இதன் அடியைப் பாதித் தேங்காய் போல உருண்டையாகச் செய்தார். பனி நெருக்கினால் கப்பல் நசுங்காது, பிதுங்கி மேலே எழும்பும். 1893இல் வேண்டுமென்றே பனிக்குள் மாட்டவைத்து, மூன்று வருடம் பனியோடு மிதந்து, 1896இல் வெளியே வந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. ஆனால் அதே உருண்டை அடி திறந்த கடலில் போட்டு உலுக்கும். வயிற்றைப் பிரட்டாத ஆள் இல்லை. பிறகு இதே கப்பலை, வடதுருவம் போகிறேன் என்று சொல்லி அமுண்ட்சன் என்ற இன்னொரு ஆய்வாளர் எடுத்துக்கொண்டு போனார். மதெய்ரா தீவில் வைத்துத்தான் மாலுமிகளுக்கே உண்மையைச் சொன்னார்: போவது தெற்கே. 1911 டிசம்பர் 14இல் தென்துருவத்தை முதலில் அடைந்தவர்கள் அவர்கள். இந்தப் பொய்க் கதையை உங்கள் மகளுக்குக் கப்பலுக்குள் வைத்துச் சொல்லுங்கள், வெளியே வரமாட்டாள். மாமியாருக்கு ஒரு எச்சரிக்கை: உள்ளே படிகள் செங்குத்து, கதவுகள் குட்டை. அவர் சுற்றியுள்ள மாடத்தில் இருந்தே கப்பல் முழுவதையும் வடிவாகப் பார்க்கலாம்.

கொன்-டிக்கி சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். 1947இல் ஹெயர்டால் என்ற நோர்வேக்காரரும் ஐந்து பேரும் ஒரு கிளியும் பால்சா மரத் தெப்பத்தில் பெருவிலிருந்து புறப்பட்டு, 101 நாளில் ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டர் மிதந்து பசிபிக் கடலின் பொலினீசியத் தீவொன்றில் கரை தட்டினார்கள். அந்தத் தெப்பம்தான் அங்கே இருக்கிறது. இதில் உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். தெப்பத்தில் கடலைக் கடக்கலாம் என்று அவர் காட்டியது உண்மை. ஆனால் பொலினீசியாவில் முதலில் குடியேறியவர்கள் தென்னமெரிக்காவிலிருந்து வந்தார்கள் என்ற அவருடைய கோட்பாட்டை மொழியியலும் தொல்லியலும் மரபணுவும் ஏற்கவில்லை. அந்த மக்கள் மேற்கே, ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள். 2020இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, கி.பி. 1200 வாக்கில் இரு பக்கத்தாரும் கலந்ததற்குத் தடயம் காட்டியது. யார் யாரிடம் போனார்கள் என்பது இன்னும் தீராத வழக்கு.

நாட்டார் அருங்காட்சியகத்தில் நாடெங்கும் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய 160 கட்டடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் விட்டுவிடும். 1200ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய கோல் மரத் தேவாலயத்துக்கு மட்டும் நேரே போங்கள். கூரை நுனிகளில் நாகம் போலத் தலைகள், சுவரெல்லாம் தார் பூசிய கறுப்பு. வெயில் நாளில் அந்தத் தார் மணம் பத்தடி தூரத்திலேயே வரும். அப்படியே வெசல்ஸ் காட்டெ 15 என்ற அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் நுழையுங்கள். நகரத்தில் இடித்த ஒரு கட்டடத்தை இங்கே மறுபடி எழுப்பி, ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு காலத்துக்கு அலங்கரித்திருக்கிறார்கள். அதில் ஒரு வீடு 2002இல் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தின் வீடு. முதல்முறை அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தபோது என் பக்கத்து வீட்டுக்காரியிடம் போனது போலவே இருந்தது. எங்களைப் போன்றவர்கள் வாழ்ந்ததும் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டதே என்று கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் திகைப்பு.

ஓவியர் மூங்க் பற்றி நீங்கள் கேட்டது: 'அலறல்' ஓவியத்தைப் பார்க்க எந்த இடத்துக்குப் போகவேண்டும்? இரண்டு இடத்திலும் இருக்கிறது, இரண்டும் அசல்தான். மூங்க் அதைப் பலமுறை செய்தார். உலகம் முழுக்க அச்சிட்டுப் பரப்பும் 1893ஆம் ஆண்டு வண்ண ஓவியம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2022 ஜூனில் திறந்த கட்டடம், நகரமண்டபத்துக்குப் பக்கத்தில். கடற்கரையில் 2021இல் திறந்த, மேல்பாதி முன்னால் சாய்ந்து நிற்கும் பதின்மூன்று மாடி மூங்க் அருங்காட்சியகத்தில் மூன்று வடிவங்கள்: ஒன்று வண்ணத்தில், ஒன்று வரைந்தது, ஒன்று அச்சு. காகிதத்திலும் அட்டையிலும் செய்தவை என்பதால் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து, மற்ற இரண்டையும் மூடிவைப்பார்கள். சிறிது நேரம் கழித்து மாற்றுவார்கள். மூன்றையும் பார்க்க ஆசையென்றால் மற்ற மாடிகளைப் பார்த்துவிட்டு இடையிடையே திரும்பி வாருங்கள். நாலு நாள்காரருக்கு நான் தேசிய அருங்காட்சியகத்தையே சொல்வேன். அங்கே மூங்கும் இருக்கிறார், மற்ற நோர்வே ஓவியர்களும் இருக்கிறார்கள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். மூங்க் மேல் தனிப் பிரியம் இருந்தால் மட்டும் மற்றது.

1893ஆம் ஆண்டு ஓவியத்தின் மேல் மூலையில் பென்சிலால் மிகச் சின்னதாக ஒரு வரி: பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்கமுடியும் என்று. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்றுதான் பலர் நினைத்தார்கள். 2021இல் அகச்சிவப்புப் படம் எடுத்து ஒப்பிட்டு, அது மூங்கின் கையெழுத்தேதான் என்று அருங்காட்சியகம் அறிவித்தது. வானம் ஏன் அப்படிச் சிவந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. கிரக்கடோவா எரிமலை வெடித்தபின் ஐரோப்பாவில் தெரிந்த செவ்வானம் என்கிறார்கள் சிலர். குளிர்கால வானில் அபூர்வமாக வரும் முத்துச்சிப்பி மேகம் என்கிறார்கள் வேறு சிலர். எதுவும் முடிவாகவில்லை. அவர் நின்ற இடம் ஏக்கபெர்க் மலைச்சரிவு என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அங்கே இப்போது சிற்பப் பூங்கா இருக்கிறது, டிராமில் போகலாம், அனுமதி இலவசம். இன்னொன்று: படத்தில் இருப்பவர் அலறவில்லை. இயற்கையூடே ஒரு முடிவில்லாத அலறல் போனதை உணர்ந்ததாக மூங்க் எழுதியிருக்கிறார்; அதைக் கேட்கமாட்டாமல் அந்த ஆள் காதைப் பொத்துகிறார். எங்கள் நாலு வயதுப் பையன் ஒருவன் விளக்கம் எதுவும் இல்லாமலே பார்த்தவுடன் சொன்னான், "அவருக்குச் சத்தம் பிடிக்கேல்லை" என்று.

விகெலான் சிற்பப் பூங்காவைப் பட்டியலில் காலை பத்து மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள். அந்த நேரத்தில் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து இறக்கும். பூங்காவுக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை; நாள் முழுவதும் திறந்தது. இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள். சாய்ந்த வெயில் கருங்கல்லில் விழும்போது அந்த உடம்புகளுக்கு உயிர் வந்தது போல இருக்கும். குஸ்தாவ் விகெலான் 1921இல் நகரசபையோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்: நகரம் அவருக்கு வீடும் பட்டறையும் கட்டிக் கொடுக்கும், அவர் செய்வதெல்லாம் நகரத்துக்கு. அதன் விளைவுதான் வெண்கலத்திலும் கருங்கல்லிலும் இருநூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள். நடுவில் ஒரே கல்லில் செதுக்கிய தூண், 121 உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மூன்று கற்தச்சர்கள் பதினாலு வருடம் வேலை செய்து முடித்தார்கள்; விகெலான் இறந்த 1943இல்தான் அந்த வேலை முடிந்தது. உருவங்கள் எல்லாம் ஆடையில்லாதவை. உங்கள் மாமியார் முதலில் முகத்தைத் திருப்பக்கூடும். என் அம்மாவும் திருப்பினார். பத்து நிமிடத்தில் பேத்தியை மடியில் வைத்த கிழவி ஒருத்தியின் சிலையடியில் போய் இருந்துவிட்டார், எழுப்ப முடியவில்லை. பாலத்தில் கோபக்காரப் பொடியன் ஒருவன் காலை உதைத்து நிற்பான். அவன் கையை எல்லோரும் பிடித்துப் பிடித்து அது மட்டும் பொன்னாக மினுங்கும்.

சரி, காட்டுக்கு வருவோம். மாமியாரோடு போவதற்கு சொங்ன்ஸ்வான் ஏரியைப் போல வேறு இடம் இல்லை. 5ஆம் இலக்க ரயிலின் கடைசித் தரிப்பு. இறங்கி சில நிமிடம் நடந்தால் தண்ணீர். ஏரியைச் சுற்றி 3.3 கிலோமீட்டர் சமதளப் பாதை, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகும். அவர் பாதி நடந்து வாங்கில் இருக்கட்டும், மகள் தண்ணீரில் இறங்கட்டும். குளிர் ஏறும், ஆனால் நோர்வேப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்தால் உங்கள் மகளும் குதிப்பாள். நடக்கத் தெம்பு இருக்கும் இரண்டு பேர் ஏரியைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே போனால் ஊலவோல்சேத்தர் என்ற பழைய பண்ணை வீடு. காட்டு நடுவில் வாஃபிளும் கோப்பியும் கிடைக்கும். மாமியார் சைவம் என்று எழுதியிருந்தீர்கள்: நோர்வே வாஃபிளில் முட்டை உண்டு. பார்த்தால் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

உயரம் வேண்டுமென்றால் 1ஆம் இலக்க ரயிலில் ஃப்ரொக்னர்சேத்தரன் வரை போங்கள். அரை மணி நேரத்தில் கடல் மட்டத்திலிருந்து 469 மீட்டருக்கு ஏற்றிவிடும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அந்தப் பயணமே ஒரு காட்சி. அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் ஹோல்மென்கொல்லன் பனிச்சறுக்குக் கோபுரம் வரும். கோபுரத்தடியில் 1923இல் தொடங்கிய பனிச்சறுக்கு அருங்காட்சியகம். உலகத்தில் இந்த வகையில் மிகப் பழையது. பனிச்சறுக்கில் அக்கறை இல்லாதவர்களுக்கு அது சீக்கிரம் சலித்துவிடும், வெளியிலிருந்து கோபுரத்தைப் பார்த்தாலே போதும்.

ஃப்ரொக்னர்சேத்தரன் பக்கக் காட்டுக்குள் எந்த அட்டவணையிலும் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. 2014இல் ஒரு கலைத் திட்டத்துக்காக ஆயிரம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்றுகளை நட்டார்கள். வருடத்துக்கு ஒரு எழுத்தாளர் ஒரு படைப்பை எழுதிக் கையளிப்பார், யாரும் வாசிக்கமுடியாது. 2114இல் அந்த மரங்களை வெட்டிக் காகிதம் செய்து, நூறு படைப்புகளையும் அதில் அச்சிடுவார்கள். அந்தக் கையெழுத்துப் படிகள் இருப்பது நகரத்தில், ஒபெரா அரங்குக்குப் பக்கத்து டைக்மன் நூலகத்தின் மேல் மாடியில், நடவுக்காக வெட்டிய மரங்களாலேயே செய்த ஒரு குட்டி அறையில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும், கோயில் போல. நூலகம் இலவசம், மழை நாளுக்கு மிக நல்ல இடம், பிள்ளைகள் பகுதியில் மகளை விட்டால் இரண்டு மணி நேரம் தேடமாட்டாள். காட்டில் கன்றுகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், அல்லது இங்கே பார்த்துவிட்டு அங்கே போனால், இரண்டும் சேர்ந்து ஒன்றாகும். எங்கள் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அவர்களிலேயே ஒருவரோ இருவரோதான் அந்தப் புத்தகங்களைக் கையில் எடுக்கும் வயது வரை இருப்பார்கள்.

தீவுகளை விடாதீர்கள். ஹோவெடொய்யா நகரமண்டபக் கரையிலிருந்து பத்து நிமிடப் படகுக்குள். இந்தத் தீவுப் படகுகளுக்கு சாதாரண நகர டிக்கெட்டே செல்லும், பிக்டொய் படகு மாதிரி இல்லை. 1147இல் இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் கட்டிய மடம் 1532இல் எரிந்தது. அந்தக் கற்சுவர்கள் புல் நடுவில் நிற்கின்றன, உள்ளே புகுந்து ஓடிப்பிடித்து விளையாடலாம். பாய், பாண், பழம் கொண்டுபோனால் அரை நாள் போவது தெரியாது. லாங்கொய்யன் தீவில் மணற்கரை இருக்கிறது. அது முன்பு இரண்டு தீவு. நகரத்துக் குப்பையைக் கொட்டிக் கொட்டி நடுவை நிரப்பி ஒன்றாக்கினார்கள். இன்று அதன்மேல் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

காட்டிலும் தீவிலும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அடைக்காத நிலத்தில் எவரும் நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம், காட்டில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி என்றால் கூடாரம்கூடப் போடலாம். காலங்காலமாக இருந்த வழக்கம், 1957இல் சட்டமாகியது. ஆனால் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டத் தடை. மாரிடால்ஸ்வானெ ஏரியில் கால் வைக்கக்கூடாது, அது நகரத்துக் குடிதண்ணீர். அதனால்தான் குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், போத்தல் தண்ணீருக்குக் காசு கொட்டாதீர்கள். தீவுப் புல்லில் இருந்துவிட்டு வந்தால் இரவு பிள்ளையின் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். உண்ணி உண்டு, நோயும் பரப்பும். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலுக்கு மிக அருகே உண்ணியைப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் படர்ந்தால் ஊரில் வைத்தியரிடம் உண்ணிக்கடி என்று சொல்லவேண்டும். அங்கே அவருக்கு அது முதலில் நினைவுக்கு வராது.

இனிக் காசுக் கணக்கு. ஒஸ்லோ பாஸ் ஒரு நாளில் மூன்று அருங்காட்சியகம் ஓடுகிறவர்களுக்குத்தான் கட்டுபடியாகும். பிக்டொய் நாளுக்கு மட்டும் 24 மணி நேரப் பாஸ் எடுத்துப் பார்க்கலாம். மற்ற நாட்களுக்கு 'ரூட்டர்' என்ற நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் செயலியில் சாதாரண டிக்கெட் போதும். விலைகள் வருடாவருடம் ஏறுவதால் எண்ணை இங்கே எழுதவில்லை, புறப்படுமுன் கூட்டிப் பாருங்கள். ரயில் நிலையத்தில் மறிக்கும் கதவு இருக்காது, அதை நம்பி ஏறாதீர்கள். பரிசோதகர் வந்தால் தண்டம் ஆயிரம் குரோனருக்கு மேல். 5ஆம் இலக்க ரயில் ஒரு வளையம் சுற்றி நகர நடுவை இரண்டு முறை கடக்கும். இலக்கத்தை மட்டும் பார்த்து ஏறினால் ஏரிக்குப் பதிலாக எங்கேயோ போய் நிற்பீர்கள். முன்பலகையில் ஊர் பெயரைப் பாருங்கள். திங்கட்கிழமை தேசிய அருங்காட்சியகம் உட்படப் பல இடங்கள் பூட்டு, ஃப்ராம் திறந்திருக்கும். ஞாயிறு பெரிய கடைகள் பூட்டு. உணவகச் சாப்பாடு நெஞ்சை அடைக்கும் விலை. இங்கே எல்லோரும் பாணில் எதையாவது பூசிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டுதான் வெளிக்கிடுவார்கள், நீங்களும் அப்படியே செய்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். குரோன்லாண்ட் பக்கக் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும்.

நாட்களை இப்படி வைத்துக்கொள்ளலாம், வானிலையைப் பார்த்து மாற்றுங்கள். ஒரு நாள் பிக்டொய். ஒரு நாள் தேசிய அருங்காட்சியகம், பின்னேரம் ஹோவெடொய்யா. ஒரு நாள் ஃப்ரொக்னர்சேத்தரன் காடு, இரவு விகெலான். மழை பெய்கிற நாளில் டைக்மன், மழை விட்டால் ஒபெராக் கூரை. 2008இல் திறந்த அந்த வெள்ளைச் சலவைக்கல் கூரையில் ஏறி நடக்கலாம், ஆனால் நனைந்தால் வழுக்கும், மாமியாரைக் கீழேயே நிறுத்துங்கள். சொங்ன்ஸ்வானைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அவர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். குறோருட் பள்ளத்தாக்கில் ஆமெருட் பக்கம் முருகன் கோயில் இருக்கிறது, எங்கள் ஆட்கள் கட்டி நடத்துவது. அதே 5ஆம் இலக்க ரயிலின் மற்றப் பக்கம், பலகையில் 'வெஸ்ட்லி' என்று இருக்கவேண்டும். காலையில் கோயில், பின்னேரம் ஏரி, இடையில் வண்டி மாறத் தேவையில்லை. பூசை நேரத்தை மட்டும் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆளுக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை கூடுதலாக எடுத்து வாருங்கள், ஜூன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.